சமுதாயத் தோட்டம்: புதிதாகத் தொடங்குவோர்க்கு ஓர் எளிய விளக்கம்

காலையில் நிமிர்ந்து நின்ற கத்தரிக் கொழுந்து ஒன்று மாலையில் தலை தொங்கி வாடிக் கிடக்கும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி, புதிதாகப் பயிர் வைத்தவர் இன்னொரு குடம் ஊற்றுவார். மறுநாளும் அந்தக் கொழுந்து எழுவதில்லை. மதுரையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பள்ளியின் பின்புறம் ஏறத்தாழ 3 சென்ட் இடத்தில் தோட்டம் போட்ட முதல் ஆண்டில் எங்களுக்கும் இதுவே நேர்ந்தது. உழவர் சந்தையில் நாங்கள் வழக்கமாகக் காய் வாங்கும் அம்மா ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் வாடிய கொழுந்தை நகத்தால் கிள்ளி, தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளே நெளிந்த வெளிறிய சிறு புழுவைக் குழந்தைகளின் கண்முன் நீட்டினார். "செடி தண்ணி கேக்கல டீச்சர், புழு தின்னுது" என்றார். செடி முழுவதும் வாடினால் தாகமாக இருக்கலாம் என்றும், ஒரு கொழுந்து மட்டும் வாடினால் உள்ளே புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும், கிள்ளிய கொழுந்தை அங்கேயே போட்டுவிட்டால் புழு வெளியேறி வேறு செடிக்கு ஏறிவிடும் என்பதால் அதை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும் என்றும் அவர் சொன்னதைக் கேட்ட குழந்தைகளில் ஒருவர்கூட அதை இன்றுவரை மறக்கவில்லை.

சமுதாயத் தோட்டக் கல்வி என்பது என்னவென்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கொழுந்தைப் பற்றித்தான். அன்று அங்கே மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தன. பொதுவான ஓர் இடத்தில் பலர் சேர்ந்து பயிரிட்டார்கள். பயிரின் வழியாகவே பாடம் கற்றார்கள். அந்தப் பாடத்தைக் கற்பித்தவர் அவ்வூர் மக்களுக்கு உணவு விளைவிக்கும் ஓர் உழவர். இம்மூன்றும் சேர்ந்திருக்கும்போதுதான் ஒரு தோட்டம் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாமல் வளரும் என்பது என் உறுதியான கருத்து.

சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரு தெருவினரோ, அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோரோ, ஒரு பள்ளியோ, மகளிர் குழுவோ தமக்குப் பொதுவான நிலத்தில் காய்கறி, கீரை, பழம், மூலிகை ஆகியவற்றைப் பயிரிட்டு, உழைப்பையும் விளைச்சலையும் பகிர்ந்துகொள்வது சமுதாயத் தோட்டம் எனப்படும். வீட்டுக் கொல்லையும் மாடித்தோட்டமும் ஒரு குடும்பத்துக்கு உரியவை. இதுவோ பலருக்கு உரியது. இதை நடத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. இடத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவது ஒன்று. முழு இடத்தையும் எல்லோரும் சேர்ந்து பார்த்து, பறித்ததைப் பங்கிட்டுக்கொள்வது மற்றொன்று. பிரித்துக் கொடுத்தால் அவரவர் பொறுப்பு தெளிவாக இருக்கும். பொதுவில் வைத்தால் கற்பதும் கற்பிப்பதும் எளிதாகும். பள்ளிகளுக்கு இரண்டாவது முறையும், குடியிருப்புகளுக்கு இரண்டும் கலந்த முறையும் பொருந்தும் என்று பரிந்துரைப்பேன்.

இந்தக் கருத்து வெளியிலிருந்து வந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஒரு வீட்டாருக்கு மற்ற வீட்டார் ஆள் மாற்றிக்கொண்டு உழைப்பது நம் ஊர்களின் பழைய வழக்கம். விதை இல்லாதவருக்குப் பக்கத்து வீட்டுப் பானையிலிருந்து விதை போவதும் அப்படியே. நகரங்களில் அது புது வடிவம் எடுத்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது கப்பல்வழி உணவு தடைப்பட்ட பிரிட்டனில் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும்கூடக் காய்கறிப் பாத்திகளாயின. நியூயார்க் நகரில் 1973இல் குப்பை நிறைந்து கிடந்த ஒரு வெற்றுமனையை லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் நண்பர்களும் துப்புரவாக்கித் தோட்டமாக்கினார்கள். அது இன்றும் அவர் பெயரால் நிலைத்திருக்கிறது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் எரிபொருளும் உரமும் வராமல் போன கியூபாவில், ஹவானா நகரத்து வெற்றிடங்களில் மேட்டுப்பாத்திகள் எழுந்தன. இலங்கையில் 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, வீட்டில் பயிர் செய்வதற்காக அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு அறிவிக்கப்பட்டது. இந்தக் கடைசிச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: வாரத்தில் ஒரு நாளை அரசாணையால் கொடுத்துவிடலாம், ஆனால் எந்த மாதத்தில் எந்த விதையைப் போடுவது என்ற அறிவை ஒரே நாளில் கொடுத்துவிட முடியாது. பசி வந்தபின் மண்வெட்டியைத் தேடுவதைவிட, வயிறு நிறைந்திருக்கும் காலத்திலேயே கற்றுவைப்பது நல்லது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். சமுதாயத் தோட்டம் ஒரு நகரத்துக்குச் சோறு போடாது. அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம் ஆகியவற்றுக்கு நாம் என்றும் உழவரையே நம்பியிருக்கிறோம். எங்கள் 3 சென்ட் இடத்தில், பருவம் நன்றாக அமைந்த மாதங்களில், பங்கேற்கும் குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை கீரையும் ஒரு வேளைக் குழம்புக்கான காயும் கிடைக்கின்றன, அவ்வளவுதான். அது சிறிய பயன் அன்று; ஆயினும் அந்தப் பயனுக்காக மட்டும் தொடங்குபவர்கள் ஓராண்டுக்குள் சலித்துப் போகிறார்கள். நிலைத்து நிற்பவர்கள், கற்பதற்காக வருபவர்களே.

மண்ணிலிருந்து தொடங்குவது

புதியவர் முதலில் பார்க்க வேண்டியவை வெயில், தண்ணீர், மண் ஆகிய மூன்று. நாளொன்றுக்குக் குறைந்தது 5, 6 மணி நேரம் நேர் வெயில் விழாத இடத்தில் காய்கறிகள் சோம்பிப் போகும். தண்ணீர்க் குழாய் எட்டத்தில் இருந்தால் குடம் தூக்கியே ஆர்வம் தேய்ந்துவிடும். மண்ணைப் பொறுத்தவரை, நகரத்து மனைகளில் மேலே மண்போலத் தெரிந்தாலும் ஓரடி தோண்டினால் செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் வருவது வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் ஆழ உழ முயல வேண்டாம். செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து முக்கால் அடி முதல் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எழுப்புவதே அறிவுடைமை. பழைய பேட்டரிப் பட்டறையோ சாயப் பட்டறையோ இருந்த மனையாக இருந்தால், அந்த மண்ணில் கீரையைப் பயிரிடவே கூடாது. ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் மண்ணில் தங்கி, புழுதியாகவும் இலைவழியாகவும் குழந்தைகளின் உடலுக்குள் போகக்கூடும்.

மண் பரிசோதனை செய்துகொள்வது கடினமன்று. தோட்டத்தின் பல இடங்களில் ஆங்கில எழுத்து 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீராகச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவுக்குப் பையில் இட்டு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் கார அமில நிலையும் (பிஹெச்) சத்துகளின் அளவும் எழுதித் தருவார்கள். இந்த வேலையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்துப் பாருங்கள். அறிவியல் பாடநூலில் ஒரு வரியாகப் படித்த 'பிஹெச் மதிப்பு', தாம் தோண்டிய மண்ணின் மதிப்பாகத் திரும்பி வரும்போது அவர்கள் அதைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

உரத்துக்கு வெளியே போக வேண்டிய தேவை குறைவு. சமையலறைக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலைச்சருகு இரண்டு அல்லது மூன்று பங்கு என்று அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுள்ள கருமையான மட்கு கிடைக்கும். நாற்றமடித்தால் ஈரம் மிகுதி. சருகு சேர்க்க வேண்டும். மட்காமல் அப்படியே கிடந்தால் ஈரமோ பச்சைக் கழிவோ போதவில்லை. எங்கள் தெருவில் முன்பு சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தும் வழக்கம் இருந்தது; இப்போது வேப்பஞ்சருகு மூட்டைகளைத் தோட்டத்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பாத்தியின்மேல் அந்தச் சருகையே மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் நிற்கும், களையும் குறையும்.

அடுத்தது பருவம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழியாக மட்டும் நினைவில் இருக்கிறது. அதன் உட்பொருளைத் தோட்டம்தான் கற்றுக்கொடுக்கும். நாட்டுக் கொடி அவரையை மாசியில் ஊன்றினாலும் முளைக்கும். பந்தல் முழுவதும் பச்சைப் பசேலென்று படரும். ஆனால் பகல் நீண்டிருக்கும் மாதங்களில் பூ எடுக்காது. ஆடியில் ஊன்றினால், பகல் குறுகிப் பனி இறங்கும் காலத்தில் பூத்து, மார்கழி, தை மாதங்களில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கீரையை ஏறக்குறைய எந்த மாதத்திலும் விதைக்கலாம். முளைக்கீரை மூன்று நான்கு வாரங்களில் பறிப்புக்கு வந்துவிடும் என்பதால் புதியவர்களும் குழந்தைகளும் அதிலிருந்து தொடங்குவது நல்லது. வெண்டையை நேரடியாக ஊன்றலாம். ஏறத்தாழ 45 முதல் 50 நாளில் முதற்காய் வரும். தக்காளியும் கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு நடவேண்டியவை. தக்காளியை நாற்றங்காலில் 25 நாள் வளர்த்து, பிடுங்கி நட்டு, கொம்பு ஊன்றிக் கட்டி, முதல் பழம் பறிக்க மொத்தம் 3 மாதம் ஆகும். இந்த 3 மாதக் கணக்கைப் பிறகு உழவரைப் பற்றிப் பேசும்போது மீண்டும் நினைவுபடுத்துவேன்.

விதை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் முதல் பெரிய தவறு இதில்தான் நிகழ்ந்தது. கடையில் வாங்கிய வீரிய ஒட்டுவிதையில் விளைந்த தக்காளி நன்றாக இருந்ததைக் கண்டு, அதன் பழத்திலிருந்தே விதை எடுத்து அடுத்த ஆண்டு நட்டோம். ஒரு செடி குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும், ஒன்றின் பழம் உருண்டையாகவும் ஒன்றின் பழம் நீண்டதாகவும் வந்தன. ஒட்டுவிதை இரண்டு தனித்த பெற்றோரின் கலப்பு. அதன் அடுத்த தலைமுறையில் அந்தக் குணங்கள் பிரிந்துபோகும். நாட்டு ரகத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அதிலும் தக்காளி, அவரை போன்றவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறுவதால் விதையெடுக்கப் புதியவருக்கு எளியவை. பூசணி, பாகல், பீர்க்கு போன்ற கொடிகளில் தேனீக்கள் மகரந்தத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோவதால், ஒரே இனத்தின் இரண்டு ரகங்களை அருகருகே வைத்தால் கலந்துவிடும். பூசணி, சுரை விதைகளைச் சாணத்தில் பதித்து வறட்டியாகச் சுவரில் அப்பிவைப்பதும், கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பதும் நம் பாட்டிமார் கைக்கொண்ட சேமிப்பு முறைகள். அவை இன்னும் வேலை செய்கின்றன.

நாட்டு விதைகளைப் பரப்புவதற்குத் தமிழகத்தில் வலுவான முன்னுதாரணம் உண்டு. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2013இல் மறையும்வரை ஊர் ஊராக நடந்து இதையே பேசினார்; கரூர் மாவட்டம் கடவூரில் அவர் உருவாக்கிய வானகம் இன்றும் பயிற்சி தருகிறது. அவர் வழியில் வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, உழவர்களுக்கு 2 கிலோ மரபு நெல்விதை கொடுத்து, அடுத்த ஆண்டில் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். சமுதாயத் தோட்டத்திலும் இதே முறையைச் சிறிய அளவில் கையாளலாம். நாங்கள் பத்து அவரை விதை வாங்குபவரிடம் தை முடிவில் இருபது விதை கேட்கிறோம். திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணமே, கடைசிக் காய்களைப் பறிக்காமல் கொடியில் முற்றவிட அவர்களைப் பழக்குகிறது.

கற்பிப்பது எப்படி

தோட்டத்தில் பாடம் நடத்துவது என்றவுடன் பலகையும் சொற்பொழிவும் நினைவுக்கு வருமானால் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் பூச்சி அழித்தபோது, பூச்சிக்கொல்லியை மேலும் மேலும் தெளித்ததால் அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் செத்து, புகையான் இன்னும் பெருகியது. அந்நாட்டரசு 1986இல் நெல்லுக்கான 57 பூச்சிக்கொல்லி வகைகளைத் தடைசெய்தது. அதைத் தொடர்ந்து 1989இல் ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அங்கே உழவர்கள் வாரம் ஒருமுறை வயலில் கூடி, செடியை உற்றுப் பார்த்து, அதில் இருக்கும் தீமை செய்யும் பூச்சிகளையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் எண்ணி, படமாக வரைந்து, தெளிப்பதா வேண்டாமா என்று தாங்களே விவாதித்து முடிவெடுத்தார்கள். இன்று தமிழகத்து வேளாண் துறையும் நடத்தும் இம்முறையை ஒரு சிறு தோட்டத்துக்கு அப்படியே கொண்டுவர முடியும். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், ஐந்து செடிகள், ஒரு நோட்டு, ஒரு பென்சில் ஆகியவை போதும். பொறிவண்டின் புழு பார்ப்பதற்கு அச்சமூட்டும். ஆனால் அது செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்னும் நண்பன் என்று நோட்டில் வரைந்த குழந்தை அதை நசுக்குவதில்லை.

கற்றவர் பிறர்க்குக் கற்பிக்க வேண்டும் என்ற ஒப்பந்தமும் பயனுள்ளது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1970களின் தொடக்கத்தில் இப்படியொரு திட்டம் பிறந்தது. தோட்டம் பற்றிக் கேள்வி கேட்டு வருவோர் அதிகமாகி, பல்கலைக்கழக அலுவலர்களால் சமாளிக்க முடியாமல் போகவே, ஆர்வலர்களுக்கு இலவசப் பயிற்சி அளித்து, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட மணி நேரம் பொதுமக்களுக்குத் தொண்டாற்றச் சொன்னார்கள். பணமாக வாங்காமல் நேரமாக வாங்கிக்கொள்ளும் இந்தக் கட்டணம் எனக்கு மிகவும் பிடித்தது.

நம் ஊரிலும் பயிற்சிக்குக் கதவுகள் திறந்தே இருக்கின்றன, தட்டுவோர்தாம் குறைவு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று அத்தகைய நிலையங்கள் ஏறத்தாழ எல்லா மாவட்டங்களிலும் உள்ளன. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் மாவட்ட மையங்களும் காளான், மண்புழு உரம், மாடித்தோட்டம் எனக் குறும்பயிற்சிகள் தருகின்றன. தோட்டக்கலைத் துறை வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதைகள், உயிர் உரம் ஆகியவை அடங்கிய மாடித்தோட்டத் தளைகளை (தொகுப்புகளை) மானிய விலையில் வழங்கிவருகிறது. தளை வாங்கிய பலரின் பைகள் அடுத்த கோடையில் காலியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாததே அதற்குக் காரணம். சமுதாயத் தோட்டம் அந்த ஆளைத் தருகிறது.

மனிதர்கள்

தோட்டங்களைப் பூச்சி அழிப்பதைவிட மே மாதம் அழிப்பதே மிகுதி. பள்ளிக்கு விடுமுறை, குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும், அக்னி நட்சத்திர வெயிலில் நான்கு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் ஓராண்டு உழைப்பு கருகிவிடும். எங்கள் முதல் கோடையில் எல்லோரும் மற்றவர் ஊற்றுவார் என்று நம்பி, திரும்பி வந்தபோது முருங்கையும் கற்றாழையும் தவிர எதுவும் உயிரோடு இல்லை. ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பெயர் எழுதிய குச்சியைக் காய்ந்த பாத்தியிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு ஏப்ரலிலேயே தண்ணீர் முறையைத் தேதிவாரியாகச் சுவரில் எழுதி ஒட்டுகிறோம். கோடையில் பாதிப் பாத்திகளை வேண்டுமென்றே தரிசாக விட்டு, பசுந்தாள் உரப் பயிர்களான தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுது மண்ணுக்கே கொடுத்துவிடுகிறோம்.

விளைச்சலைப் பங்கிடும் முறையை முதல் காய் காய்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். வேலைக்கு வந்தவருக்குத்தான் பங்கு என்பதா, எல்லோருக்கும் சமம் என்பதா, முதியவர்க்கும் உடல்நலமில்லாதவர்க்கும் என்ன ஏற்பாடு, சத்துணவுக் கூடத்துக்கு எவ்வளவு என்பதையெல்லாம் கூடிப் பேசி ஒரே தாளில் எழுதினால் போதும். நான்கு வெண்டைக்காயால் நல்ல அண்டை வீட்டார் முகம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தபின் இதைச் சொல்கிறேன். இடம் யாருடையதோ அவரிடமிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிட்ட எழுத்துமூலமான அனுமதியும் வேண்டும். மூன்றாண்டு எருவிட்டுப் பண்படுத்திய மண்ணை ஒரு மாத அறிவிப்பில் இழப்பது மிகுந்த வேதனை தரும்.

தோட்டத்திலிருந்து சந்தைக்கு

இனி உழவருக்கு வருவோம். தக்காளிக்கு 3 மாதம் ஆகும் என்று சொன்னேன். அந்த 3 மாதமும் நாற்று, நடவு, களை, கொம்பு, பூச்சி, பறிப்பு என்று உடனிருந்து பார்த்தவர், கிலோ 10 ரூபாய்க்குத் தக்காளி விற்கும் நாளில் மகிழ்ச்சியோடு பையை நிரப்ப மாட்டார். பறிகூலிக்குக்கூடக் கட்டாதே என்று மனம் கணக்குப் போடும். 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியாக 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தபோது ஊரே பேசியது. விலை வீழ்ந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் நாள்களில் நகரம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் உழவருக்குச் சேர்வது ஏறத்தாழ 33 ரூபாய் என்றும், வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வுத்தாள்கள் மதிப்பிட்டன. மீதி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன், அழுகல், மொத்த வணிகர் மற்றும் சில்லறை வணிகரின் வருவாய் எனப் பிரிகிறது. இடையில் இருப்போர் எல்லோரும் தீயவர் என்பதன்று. ஒட்டன்சத்திரத்துக் காயைச் சென்னைக்குக் கொண்டுவர யாரோ ஒருவர் உழைத்தே ஆக வேண்டும். ஆனால் 20 கிலோமீட்டருக்குள் விளைவதை வாங்கும்போது இந்தச் சங்கிலியைக் குறுக்க முடியும்.

அதற்கென்றே ஏற்பட்டது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதியால் திறந்துவைக்கப்பட்டது, பின்னர் தமிழகம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பரவியது. நிலமும் பயிரும் சரிபார்க்கப்பட்டு அடையாள அட்டை பெற்ற உழவர் மட்டுமே அங்கு விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை, தராசும் தரப்படுகிறது. மண்டியின் மொத்த விலையையும் வெளிக்கடைகளின் சில்லறை விலையையும் பார்த்து, இரண்டுக்கும் இடைப்பட்டதாக அன்றன்றைய விலை முடிவுசெய்யப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. ஆகவே உழவருக்கு மண்டியைவிடக் கூடுதலாகவும், வாங்குபவருக்குக் கடையைவிடக் குறைவாகவும் அமைகிறது. இவ்வளவு எளிய, நியாயமான ஓர் ஏற்பாடு பக்கத்திலேயே இருக்கும்போது, அரை மணி முன்னதாக எழ மனமின்றிக் கைப்பேசியில் காய்கறி வரவழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சந்தைக்குப் போவதிலும் ஒரு முறை உண்டு. பேரம் பேச வேண்டாம். விலைப்பலகை அதற்காகத்தான் இருக்கிறது. வளைந்த வெள்ளரியையும் ஓரத்தில் சொத்தை இருக்கும் கத்தரியையும் ஒதுக்கித் தள்ளாதீர்கள். சொத்தையே இல்லாத கத்தரி எதனால் அப்படி இருக்கிறது என்பதைத் தோட்டம் வைத்தவர் அறிவார். பருவத்தில் வருவதை வாங்குங்கள்; ஆடியில் அவரைக்காய் தேடாதீர்கள். ஒரே உழவரிடம் தொடர்ந்து வாங்கினால் பெயரும் ஊரும் பயிரும் தெரியவரும். அந்தப் பழக்கம் வளர்ந்தபின், சில குடும்பங்கள் சேர்ந்து பருவத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து, வாராவாரம் விளைவதில் பங்கு பெற்றுக்கொள்ளும் முறைக்கும் போகலாம். ஜப்பானில் 1970களில் 'தெய்கேய்' என்ற பெயரில் இல்லத்தரசிகளும் உழவர்களும் இத்தகைய நேரடி உறவை வளர்த்தார்கள். 1986இல் அமெரிக்காவிலும் இதைப் போன்ற பண்ணைகள் தோன்றின. மழை பொய்த்தால் நட்டத்திலும் பங்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு கொடுக்கப்படும் பணம் அது. இயற்கை விளைபொருள்தானா என்ற ஐயத்துக்கும் வழி இருக்கிறது. இந்தியாவில் உள்ள பங்கேற்பு உத்தரவாத முறையில், ஓர் ஊரின் உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று தருகிறார்கள். அதிகச் செலவு பிடிக்கும் வெளி நிறுவனச் சான்றிதழைச் சிறு உழவர் நாட வேண்டியதில்லை.

உழவரைத் தாங்குவதில் பலர் மறந்துவிடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவரைத் தோட்டத்துக்கு ஆசிரியராக அழைத்தால், அவருடைய நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். கணினி வகுப்பெடுப்பவருக்குக் கொடுப்பதைப் போலவே, வண்டிச் செலவோடு சேர்த்து, உறையில் இட்டு, குழந்தைகளின் முன்னால் கொடுங்கள். ஒரு பொழுது சந்தைக்கு வராவிட்டால் அவர் காய் வாடிவிடும். பொன்னாடையால் அந்த இழப்பு ஈடாகாது. எங்களுக்குக் கத்தரிக் கொழுந்தைப் பிளந்து காட்டிய அம்மாவுக்கு முதல்முறை பணம் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். "பாடம் சொன்னதுக்குக் காசா?" என்று கூச்சப்பட்டார். எங்கள் தலைமையாசிரியை, "எங்களுக்கும் பாடம் சொல்லித்தான் சம்பளம் வருது, வாங்கிக்குங்கம்மா" என்று கையில் வைத்தார். அதன்பின் மாதம் ஒருமுறை, விற்பனை முடிந்து காலை 10 மணிக்கு மேல் வந்துபோகிறார்.

சென்ற மாதம் ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைகள் ஏழெட்டுப் பேரைச் சந்தைக்கு அழைத்துப் போனேன். விலைப்பலகையை நோட்டில் எழுதிக்கொள்வதுதான் அன்றைய வேலை. அவர்களோ அந்த அம்மாவின் கடையைத் தேடி ஓடினார்கள். கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துக் காம்படியில் துளை இருக்கிறதா என்று பார்த்தார்கள். அவர்களில் சிறியவன், "அப்பத்தா, பொறியில மருந்து மாத்தி ஒரு மாசம் ஆச்சே, மாத்திட்டீங்களா?" என்று கேட்டான். ஆண் அந்துப்பூச்சிகளை மணத்தால் கவர்ந்து பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியின் குப்பியை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அவரே எங்கள் தோட்டத்தில் சொல்லிக்கொடுத்தது. அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு அவனைச் சற்று நேரம் பார்த்தார். "இல்ல சாமி, மறந்துட்டேன். இன்னைக்குப் போயி மாத்திடுறேன்" என்று சொல்லி, நிறுத்த காய்க்கு மேல் ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைக் கொசுறாக அவன் பையில் போட்டார்.